வளர்ச்சி நின்ற கோடுகள்

காமயகவுண்டன்பட்டி
9 ஜூன் 2024

அன்புள்ள முனீஸ்வரிக்கு,

உன் மதினி அபிதா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். மாமாவுக்கு முழங்கால் வலி, அத்தைக்கு வழக்கம்போல் என்மேல் வருத்தம், உன் அண்ணனுக்குத் திராட்சை விலை பற்றிய கவலை. ருமேனியாவில் குளிர் விட்டதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேச முடியாத விஷயம் என்பதால் மெயிலில் எழுதுகிறேன். நீ கூப்பிட்டாலே உன் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். வீடே சுற்றி உட்கார்ந்துகொள்கிறது.

சஷ்மிதாவுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. போன வாரம் பள்ளிச் சீருடை எடுக்கக் கம்பம் போனோம். கடைக்காரர் மூன்று வயதுக்கான பாவாடையை எடுத்துப் போட்டார். நான் வயதைச் சொன்னதும் மறுபடி அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வைதான் இதை எழுத வைக்கிறது. முகம் மட்டும் கன்னம் உப்பி நன்றாக இருக்கிறது. "என்னத்தக் குடுத்து வளக்கிற, புள்ள கொழுகொழுன்னு இருக்கு" என்று தெருவில் கேட்கிறார்கள். முகத்தைப் பார்க்கிறவர்கள் காலைப் பார்ப்பதில்லை.

அத்தையிடம் கேட்டேன். "முனீசும் அப்பிடித்தேன் இருந்தா. பொம்பளப்புள்ள குட்டையா இருந்தா என்னத்தா, நெட்டையா இருந்தா என்ன" என்றார். அடுத்த கேள்வியை நான் எடுப்பதற்குள் ஆட்டைக் கட்டப் போய்விட்டார். ஆடு கட்டித்தான் இருந்தது.

கோபித்துக்கொள்ளாதே. என்னைப் பெண் பார்க்க வந்தபோது நீ வரவில்லை. கல்யாணத்தில் உயரச் செருப்போடு நின்றாய். உங்கள் குடும்பத்தில் இப்படி வளராமல் போனவர்கள் உண்டா? இருந்து, என்னிடம் மறைத்தார்களா? ஐந்து வயதில் நீ எப்படி இருந்தாய்? உண்மையைச் சொன்னால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மதினி
அபிதா


க்ளூஜ், ருமேனியா
17 ஜூன் 2024

அன்பு மதினிக்கு,

நான் சௌக்கியம். குளிர் போய்விட்டது, ஆனால் இவர்கள் சொல்லும் வெயில் நம் ஊர் மார்கழியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அப்பாவின் காலுக்குத் தைலம் தேய்த்து நிறுத்திவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

என் உயரம் நாலடி எட்டங்குலம். செருப்பு அதை மறைக்கத்தான். குடும்பத்தில் வேறு யாரும் குட்டை இல்லை. அப்பாவும் அண்ணனும் திராட்சைப் பந்தலில் தலை இடிக்கிறவர்கள், நீங்களே பார்க்கிறீர்கள். ஐந்து வயதில் எப்படி இருந்தேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீங்கள் ஒருதரமும் கேட்டதில்லை. உங்கள் கேள்வியேதான் என் வேலை. இங்கிருந்து தெற்கே ஹாட்செக் என்று ஒரு பள்ளத்தாக்கு, நம்முடையதைப் போலவே சுற்றிலும் மலை. ஏழு கோடி வருடங்களுக்கு முன் அது கடலுக்கு நடுவே ஒரு தீவு. அங்கே கிடைக்கிற நீள்கழுத்து டைனோசர் எலும்புகள் எல்லாமே சின்னவை. மற்ற நாடுகளில் அந்த வகை டைனோசர் லோடு லாரியை விடப் பெரிசு. இங்கே கிடைப்பது, நம் எருமையின் கழுத்தையும் வாலையும் நீட்டிவிட்ட அளவுதான். இவை பெரிய மிருகத்தின் குட்டிகளா, வளர்ந்தே இவ்வளவுதானா என்று நூறு வருடமாகச் சண்டை.

வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. எலும்பை வைர ரம்பத்தால் மெல்லிசாக அறுத்து, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். குட்டியின் எலும்பு அவசரத்தில் கட்டியது மாதிரி இருக்கும், ரத்தக்குழாய் போன துளைகள் நிறைந்து. ஹாட்செக் எலும்புகள் அப்படியில்லை. பழைய எலும்பைக் கரைத்துவிட்டுப் புதுசு போட்டு, அதையும் கரைத்து மறுபடி போட்டிருக்கிறது. அது வயது வந்த உடம்பின் வேலை. ஆக அவை குட்டிகள் இல்லை. தீவில் தீனி குறைவு, இடம் குறைவு. தலைமுறை தலைமுறையாக இனமே சிறுத்து, அந்த அளவில் முழுசாக வாழ்ந்திருக்கிறது.

சஷ்மிக்கு எதையும் அறுக்க வேண்டாம். இடது கையை மணிக்கட்டோடு ஒரு எக்ஸ்ரே எடுங்கள். எலும்புக்கு என்ன வயது என்று அதில் தெரியும்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். சஷ்மிக்கு முத்தம்.

முனீஸ்வரி


காமயகவுண்டன்பட்டி
6 ஜூலை 2024

அன்புள்ள முனீஸ்வரிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஏழு கோடி வருடத்துக்கு முந்தின மிருகம் எப்படி வளர்ந்தது என்று உனக்குத் தெரிகிறது. உன் ஐந்து வயது மட்டும் நினைவில்லை. இருக்கட்டும்.

கம்பத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்புக்கு மூணு வயசுகூட இல்லம்மா" என்றார்.

"அப்ப எதுனால சார்?"

"லேட்டா வளர்ற பிள்ளைக உண்டு. அப்பாவப் பாத்தா உயரமாத்தான இருக்காரு. ஒரு வருசம் கழிச்சு வாங்க."

ஒரு வருடம் காத்திருப்பது அவருக்குச் சுலபம். பெற்றவள் நான்.

மூன்று வயதுவரை சரியாகத்தான் வளர்ந்தாள். அதற்குப் பிறகு என்னவோ நடந்திருக்கிறது. எனக்குத் தோட்டத்து மருந்தின்மேல் சந்தேகம். பந்தலுக்கு அடிக்கிற நாளிலும் மாமா இவளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். கழுவாத பழத்தைப் பறித்து வாயில் கொடுக்கிறார். இனி சஷ்மி தோட்டத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"ஏத்தா, அந்தத் தோட்டத்துப் பழத்தத் தின்னுதேன் நானும் வளந்தேன், ஒம் புருசனும் வளந்தான். ரெண்டு பேரும் ஒட்டகமா நிக்கிறம்" என்றார் மாமா. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார். அத்தை தட்டை எடுத்த சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

நான் தாவரவியல் படித்தவள், உன் அளவுக்கு இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி. பட்டினி கிடந்த மிருகமும் சின்னதாகத்தானே இருக்கும்? நோய் வந்ததும் அப்படித்தானே? உன் டைனோசர் இனமே குட்டை, யாரும் அதைக் குட்டையாக்கவில்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய்?

எக்ஸ்ரேயையும் சஷ்மியின் போட்டோவையும் இணைத்திருக்கிறேன். மணிக்கட்டுக்கு மேலே எலும்பில் குறுக்காக வெள்ளை வெள்ளையாகச் சில கோடுகள் தெரிகின்றன. டாக்டர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீ பார்த்துச் சொல்.

மதினி
அபிதா


காமயகவுண்டன்பட்டி
29 ஜூலை 2024

முனீஸ்வரி,

சுகமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். மலையில் நின்று நீ எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் பார்த்தேன்.

கோடுகளைப் பற்றிக் கேட்டிருந்தேன். வேலை அதிகமா, அல்லது எழுத முடியாத பதிலா? தோட்டத்துக்கு விடாமல் இத்தனை நாள் ஆயிற்று, அவளிடம் ஒரு மாற்றமும் இல்லை.

அபிதா


க்ளூஜ்
14 ஆகஸ்ட் 2024

அன்பு மதினிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். அங்கே எல்லோரும் நலமா? நான் நலம்.

உங்கள் கேள்வி சரியான கேள்வி. ஓர் எலும்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கிடைத்தது எல்லாவற்றையும் அறுத்துப் பார்க்கிறோம். எல்லாமே ஒரே மாதிரி சீராகச் சின்னதாக இருந்தால் அது இனம். ஜெர்மனியில் கிடைத்த இன்னொரு தீவு டைனோசரில் மரத்தில் இருப்பதுபோல் வருடக் கோடுகள் தெளிவாக இருக்கின்றன. வருடத்துக்கு ஒருதரம் வளர்ச்சி நின்று, பிறகு தொடர்ந்திருக்கிறது. அது அதன் இயல்பு. கூட்டத்தில் ஒன்றில் மட்டும், காலம் தவறிய இடத்தில் கோடு விழுந்திருந்தால் அதற்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சஷ்மிக்கு வீசிங் இருந்ததா? என்ன மருந்து கொடுக்கிறீர்கள்? டாக்டர் எழுதியது, எழுதாதது எல்லாவற்றையும் சொல்லுங்கள். கசாயம், லேகியம், பொடி எதுவானாலும் டப்பாவைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

முனீஸ்வரி


காமயகவுண்டன்பட்டி
17 ஆகஸ்ட் 2024

முனீஸ்வரிக்கு,

எல்லோரும் இருக்கிறோம்.

வீசிங் இருந்தது. மூன்று வயதில் ஆரம்பித்தது. ராத்திரியெல்லாம் தோளில் போட்டு நடப்பேன். உன் அம்மாதான் ஒரு மூச்சுப் பொடியை வரவழைத்துக் கொடுத்தார். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர் சங்கிலி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியரிடமிருந்து வாங்கி வருகிறார். இழுப்பு வருகிற சமயமெல்லாம் காலையில் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது. நான்தான் தடவுகிறேன். அரை மணியில் மூச்சு சீராகிவிடும், குழந்தை ஓடி விளையாடும். இந்த மழைக்காலம் முழுக்க ஒருநாள் விடாமல் கொடுத்திருக்கிறேன். "எம் மக முனீச இந்தப் பொடிதேன் காப்பாத்துச்சு" என்பார் அத்தை.

இத்தனையும் எழுதும்போதுதான் உறைக்கிறது. உன்னைக் காப்பாற்றிய பொடி. உனக்கு அது தெரியாதா? பிறகு ஏன் என்னைக் கேட்கிறாய்? ஏன் அத்தையிடம் காட்ட வேண்டாம் என்கிறாய்?

டப்பாவின்மேல் பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்று காலை கொடுக்கவில்லை. மிச்சம் முழுவதையும் சாக்கடையில் கொட்டிவிட்டேன். அத்தை கேட்டார். எறும்பு ஏறிவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை.

உடனே எழுது.

அபிதா


க்ளூஜ்
18 ஆகஸ்ட் 2024

மதினி,

போனை எடுங்கள். உங்களுக்கும் அண்ணனுக்கும் மாறி மாறி அடிக்கிறேன். தோட்டத்தில் சிக்னல் இல்லையோ என்னவோ. விடாமல் அடிப்பேன். டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் எழுத்திலும் அனுப்புகிறேன்.

பொடியைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. அதில் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அது மூச்சைத் திறக்கும், பசியைத் தூண்டும், கன்னத்தை உப்ப வைக்கும். எலும்பு வளர்வதை நிறுத்தும். பொடி கொடுக்காத மாதங்களில் எலும்பு மறுபடி வளரப் பார்க்கும். எக்ஸ்ரேயில் நீங்கள் பார்த்த கோடுகள் அந்த இடங்களாக இருக்கலாம். உடம்பு தானே சுரக்க வேண்டியதை மருந்து வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால், உடம்பு சுரப்பதை விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்றே க.விலக்கு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

அம்மாவிடம் பொடியைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்.

முனீஸ்வரி


காமயகவுண்டன்பட்டி
5 செப்டம்பர் 2024

முனீஸ்வரிக்கு,

சஷ்மி பிழைத்துவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை நான் பார்க்கவில்லை. பதினெட்டாம் தேதி முழுக்க அவளுக்குக் காய்ச்சல், வாந்தி. போன் எங்கே கிடந்தது என்றே தெரியாது. மறுநாள் விடியும்போது துணி மாதிரி துவண்டு கிடந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. அப்போதுதான் உன் அழைப்பு அண்ணனுக்குக் கிடைத்தது. கம்பத்தில் ட்ரிப் ஏற்றி ஆம்புலன்ஸில் க.விலக்குக்கு அனுப்பினார்கள். அங்கே அண்ணன் என் மெயிலைத் திறந்து உன் கடிதத்தை டாக்டரம்மாவிடம் காட்டினார். படித்த உடனே ஊசி போட்டார்கள். சாயங்காலம் கண்ணை விழித்து, "தோசை" என்றாள்.

டாக்டரம்மா கேட்டார்: "அந்தப் பொடி இருக்கா? டெஸ்டுக்கு அனுப்பணும்."

கொட்டிவிட்டேன் என்றேன். அப்போது அத்தை மடியை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். நான் கொட்டியதைப் பார்த்துவிட்டு, அன்றே சங்கிலியிடம் வாங்கி வைத்திருக்கிறார், பிள்ளைக்கு இழுப்பு வந்தால் ஆகும் என்று. நான் அவரைச் சந்தேகப்பட்டதெல்லாம் சரிதான் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் அவர் அதை நீட்டாமல் இருந்திருக்கலாம். யாரும் சோதித்திருக்கப்போவதில்லை. சோதனையில் ஸ்டீராய்டு என்றே வந்தது.

டாக்டரம்மா எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக விளக்கினார். எலும்பு எப்படி நிற்கிறது என்பதுவரை. அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்மா, இதத்தேன் எம் மகளுக்கும் குடுத்தேன். அவ பெரிய மனுசியாகி, அதுக்கப்புறமும் குடுத்தேன். அவளுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார்.

"உங்க மக எவ்வளவு உயரம் பாட்டி?"

அத்தை கையைத் தூக்கித் தன் தாடை மட்டத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார். காட்டிய கையை அவர் இறக்கவே இல்லை. உன் அண்ணன்தான் பிடித்து இறக்கிவிட்டார்.

  

இப்போது உன்னைக் கேட்கிறேன். ஜூலை ஆறாம் தேதி எக்ஸ்ரேயும் போட்டோவும் உனக்கு வந்துவிட்டன. அந்த முகத்தைப் பார்த்தவுடன் உனக்குத் தெரிந்திருக்கும். அது ஐந்து வயதில் உன் முகம். ஆகஸ்ட் பதினாலுவரை என்ன செய்தாய்? அத்தனை நாளும் காலையில் எழுந்து என் விரலால் அதை என் பிள்ளை நாக்கில் தடவிக்கொண்டிருந்தேன். உன் அம்மாவைக் காப்பாற்ற என் மகளைக் காக்க வைத்தாயா?

அபிதா


க்ளூஜ்
22 செப்டம்பர் 2024

அன்பு மதினிக்கு,

சஷ்மி எப்படி இருக்கிறாள்? இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருப்பார்கள். பயப்படாமல் கொடுங்கள். அதில் இருக்கும் மருந்து நேரே நெஞ்சுக்குப் போகிறது, அளவும் துளிதான்.

நீங்கள் எழுதியது உண்மை. போட்டோவைப் பார்த்த அன்றே தெரிந்தது. இங்கே ஒரு டாக்டரிடம் எக்ஸ்ரேயைக் காட்டினேன். காய்ச்சல், சத்துக்குறைவு எதனாலும் அந்தக் கோடுகள் வரலாம் என்றார். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஹாட்செக் மலைக்குப் போய்விட்டேன்.

இங்கே வந்த முதல் வருடம் எனக்கு மூச்சிரைத்தபோது, சின்ன வயதில் என்ன மருந்து சாப்பிட்டாய் என்று டாக்டர்கள் கேட்டார்கள். சொன்னேன். அப்போதே காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் மூச்சுத்திணறி ஒரு பிள்ளை செத்தது, மறுநாளே அம்மா கால்நடையாக மலையேறிப்போய் எனக்குப் பொடி வாங்கிவந்தாள். அவளிடம் போய் என்னவென்று சொல்வது? சொல்லாமல் விட்டதில் அது உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

தீவு டைனோசருக்குக் குறை என்று ஒன்றும் கிடையாது. அதன் அளவு அதுதான். எங்கள் ஆய்வகத்தில் இதை யார் கேட்டாலும் நான் உற்சாகமாக விளக்குவேன். என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு பேசுவது எனக்குப் பிடித்திருந்தது. நான் அந்தக் கூட்டம் இல்லை. சஷ்மியும் இல்லை. அவள் எலும்பு நுனியில் வளர்கிற இடம் இன்னும் மூடாமல் திறந்திருக்கிறது.

அம்மா போனில் "இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். என்ன சொல்கிறாள் உங்களிடம்?

முனீஸ்வரி


க்ளூஜ்
16 நவம்பர் 2024

அன்பு மதினிக்கு,

தீபாவளிக்கு அண்ணன் அனுப்பிய படத்தில் சஷ்மியைப் பார்த்தேன். கன்னம் வற்றியிருக்கிறது. எனக்கு அது நல்ல செய்தி.

நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை. அம்மா மட்டும் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி.

முனீஸ்வரி


காமயகவுண்டன்பட்டி
12 ஜனவரி 2025

ஆத்தா முனீசு,

ஒன் மதினி எழுதுறா, நான் சொல்லுறேன். இங்கன நாங்க இருக்கோம். ஒங்கய்யாவுக்குக் கால் தேவலாம். பொங்கலுக்கு வெள்ளையடிச்சாச்சு. நீ அங்கன குளுருல என்ன செய்யிறயோ.

நேத்து க.விலக்குக்குப் போனோம். சஷ்மிய சுவத்துல நிப்பாட்டி அளந்தாக. நல்லா ஏறியிருக்கான்னு டாக்டரம்மா சொன்னாக. ரெண்டு வருசமா வளராதவ இந்த நாலஞ்சு மாசத்துல ரெண்டு வெரக்கட வளந்துட்டா. பொடிக்குப் பதிலா ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரையவும் கொஞ்சங்கொஞ்சமாக் கொறச்சு இப்ப சுத்தமா விட்டாச்சு. எலும்பு தொறந்தே இருக்காம், விட்டதப் புடிச்சிருவாளாம். ஒங்கய்யா தோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போறாரு, ஒன் மதினி ஒண்ணும் சொல்றதில்ல. பழத்தக் கழுவித்தேன் குடுக்கணும்னு மட்டும் சட்டம்.

சங்கிலிகிட்டச் சொல்லிட்டேன், இனிமே அந்தப் பொடி இந்தத் தெருவுக்கு வந்தா ஜீப்பு டயரக் கிழிச்சிருவேன்னு.

ஒண்ணு கேக்கணும்த்தா. நீயும் சஷ்மி மாதிரி கைய எக்ஸ்ரே படம் புடிச்சு அனுப்பு. அந்த டாக்டரம்மாட்ட நான் கொண்டுபோய்க் காட்டுறேன். பொடிய விட்டு ஒனக்கும் வருசமாச்சுல்ல. இருவத்தெட்டெல்லாம் ஒரு வயசா. இவளுக்கு ஏறுனா ஒனக்கும் கொஞ்சமாச்சும் ஏறும்ல. ஊசி கீசி போடணும்னாலும் போட்டுருவோம். எப்பப் புடிச்சு அனுப்புவ, சொல்லு.

ஒங்கம்மா
கருத்தம்மாள்

முனீஸ், இனி நான் எழுதுவது. அத்தை எழுந்து அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறார்.

ஒரு வரி கேட்டிருந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் என்னிடம் உன்னைப் பற்றிப் பேசவே இல்லை. நேற்று சஷ்மியை அளந்ததிலிருந்துதான் பேசுகிறார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதையேதான் கேட்டார்.

உன் வயதில் எலும்பு மூடியிருக்கும், இனி வளராது என்று எனக்குத் தெரியும். நானே சொல்லியிருக்கலாம். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே இருந்தேன். நாளைக்கே உன் பதிலைக் கேட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார். நீயே எழுது. உன் டைனோசரைச் சொல்லிச் சுற்றி வளைக்காதே. இந்த வீட்டில் இனி யாருக்கும் எதையும் நான் தேனில் குழைத்துக் கொடுக்கப்போவதில்லை. நீ என்ன எழுதுகிறாயோ, அதை ஒரு வரி விடாமல் அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

காத்திருக்கிறோம்.

மதினி
அபிதா